கந்தையும் காந்தாவும்: ஒரு சொல்லின் வழியே ஒரு கைவினையின் வரலாறு

வங்கத்தின் காந்தாத் தையலை அறிமுகப்படுத்தும் எழுத்துகளில் ஒரு செய்தி தவறாமல் இடம்பெறுகிறது. பாணினியின் இலக்கணத்திலேயே காந்தா பேசப்படுகிறது என்பது அச்செய்தி. கண்காட்சிகளின் விளம்பரத் தாள்களிலும், ஆடை விற்கும் இணையதளங்களிலும், சில வேளைகளில் ஆய்வேடுகளின் முதல் இயலிலும்கூட இது எடுத்தாளப்படுகிறது. பழைய புடவையிலிருந்து தைத்த ஒரு கைப்பைக்கு இவ்வாறு இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேற்பட்ட பழமை எளிதாகக் கிடைத்துவிடுகிறது. சூத்திரங்களைத் திறந்து பார்த்தால் அங்கே துணியும் இல்லை, ஊசியும் இல்லை.

அஷ்டாத்தியாயியின் 2.4.20 ஆம் சூத்திரம், 'கந்தா' என்று முடியும் தொகைச்சொல் உசீநர நாட்டின் இடப்பெயராக வரும்போது நபும்சகலிங்கம் பெறும் என்கிறது. காசிகை உரை தரும் எடுத்துக்காட்டுகளான சௌசமிகந்தம், ஆஹ்வரகந்தம் ஆகியவை ஊர்ப்பெயர்கள். 4.2.102 ஆம் சூத்திரத்திலும் 'கந்தா' ஓர் இடத்தைச் சுட்டும் சொல்லாகவே வருகிறது. பாணினியின் காலத்து இந்தியாவைப் பற்றி 1953-இல் நூல் எழுதிய வாசுதேவ சரண் அகர்வாலா, இதனைச் சகர் மொழிவழி வந்த, நகரைக் குறிக்கும் சொல்லாகக் கொண்டார். சாமர்கண்ட், தாஷ்கண்ட் என்னும் நடு ஆசிய நகரப் பெயர்களின் ஈற்றில் இன்றும் ஒலிப்பது இச்சொல்லின் உறவுதான். ஆக, ஒலியால் ஒன்றுபட்ட இரு வேறு சொற்கள் பிற்காலத்தில் ஒன்றாக எண்ணப்பட்டன. ஊர்ப்பெயர் ஒன்று போர்வையாக மாறியது இவ்வாறுதான்.

போர்வைக்கு உரிய 'கந்தா' வேறு. வடமொழியில் அது கிழிந்த துணியையும், துண்டு துண்டாக ஒட்டுப்போட்ட ஆடையையும் குறித்தது. பர்த்ருஹரியின் பெயரால் வழங்கும் வைராக்கிய சதகத்தில், உலகைத் துறந்தவனின் உடைமையாக அது இடம்பெறுகிறது. இச்சொல் இந்திய மொழிகளில் சென்ற வழி சுவையானது. மாலா 'மாலை' ஆனதும் கதா 'கதை' ஆனதும் போலவே கந்தா தமிழில் 'கந்தை' ஆயிற்று. வங்காளத்தில் மெய்யான நகர ஒலி கரைந்து, உயிர் நீண்டு மூக்கொலி பெற்று, 'காந்தா' என்று நாம் எழுத்துப்பெயர்க்கும் வடிவம் பிறந்தது. பல்லைக் குறிக்கும் 'தந்த' அம்மொழியில் அடைந்த மாற்றமும் இதுவே.

ஒலி மாற்றத்தைவிடப் பொருள் மாற்றமே இங்கு முதன்மையானது. தமிழில் அச்சொல் கிழிசலோடு நின்றுவிட்டது. கந்தையைக் கசக்கிக் கட்டச் சொல்லும் பழமொழியிலும் அது கிழிந்த ஆடைதான். வங்காளத்திலோ கிழிசலிலிருந்து செய்யப்பட்ட பொருளுக்கு அது பெயராயிற்று. இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் மூன்றாவது ஒரு பொருளும் வந்து சேர்ந்தது: காந்தா என்பது ஒரு தையல் வகை. கந்தைத் துணி, கந்தையால் ஆன பொருள், கந்தையே இல்லாத தையல் என்னும் இம்மூன்று நிலைகளையும் தொடர்ந்து சென்றால், ஒரு கைவினை எதைப் பெற்றது, எதை இழந்தது, அந்த இழப்பு யாருடையது என்பது புலப்படும்.

துறவியின் கந்தை

பழந்துணியை மதிப்புள்ள பொருளாகக் கண்ட தொன்மையான சான்றுகளுள் பௌத்த விநய நூல்கள் முக்கியமானவை. குப்பை மேட்டிலும் சுடுகாட்டிலும் கிடக்கும் துணிகளைப் பொறுக்கித் தைத்த ஆடைக்குப் 'பாம்சுகூலம்' என்று பெயர். மகத நாட்டின் வயல்கள் வரப்புகளால் பிரிக்கப்பட்டுக் கிடந்த அழகைக் கண்ட புத்தர், அவ்வடிவில் சீவரம் தைக்க இயலுமா என்று ஆனந்தரிடம் கேட்டதாகவும், ஆனந்தர் அவ்வாறே தைத்துக் காட்டியதாகவும் மகாவக்கம் கூறுகிறது.

சுள்ளவக்கத்தில் இன்னும் நுட்பமான ஓர் உரையாடல் உண்டு. உதேன மன்னனின் அரண்மனைப் பெண்கள் ஆனந்தருக்கு ஐந்நூறு ஆடைகளை வழங்கிவிடுகிறார்கள். இத்தனையையும் வைத்து இவர் துணிக்கடையா நடத்தப்போகிறார் என்று ஐயுற்ற மன்னன் நேரில் வந்து வினவுகிறான். ஆடை நைந்த பிக்குகளுக்குப் பகிர்ந்தளிப்போம் என்கிறார் ஆனந்தர். அவர்களின் பழைய ஆடைகள் என்னவாகும்? படுக்கை விரிப்பாகும். பழைய விரிப்பு? மெத்தை உறையாகும். பழைய உறை தரை விரிப்பாகும். பழைய தரை விரிப்பு கால் துடைக்கும் துணியாகும். அதுவும் நைந்தால் தூசி தட்டும் துணியாகும். அதற்குப் பின்? துண்டு துண்டாகக் கிழித்து, சேற்றோடு பிசைந்து, தரை மெழுகுவோம். மன்னன் மனம் நிறைந்து மேலும் ஐந்நூறு ஆடைகளைக் கொடுக்கிறான்.

துணியின் வாழ்நாளை இவ்வளவு ஒழுங்காக வரிசைப்படுத்திய பழைய இந்தியப் பகுதி வேறொன்றை எடுத்துக்காட்டுவது கடினம். ஆயினும் இந்த வரிசையின் திசை கவனிக்கத்தக்கது. தோளிலிருந்து தரைக்கு, தரையிலிருந்து சேற்றுக்கு என்று துணி படிப்படியாக இறங்கிக்கொண்டே போகிறது.

வங்க வைணவத்திலும் கந்தைக்கு இதே பொருள்தான். கிருஷ்ணதாச கவிராஜர் இயற்றிய சைதன்ய சரிதாமிருதத்தில் சனாதன கோஸ்வாமியின் கதை வருகிறது. வங்கச் சுல்தான் உசேன் ஷாவிடம் உயர் பதவி வகித்த சனாதனர், சிறையிலிருந்து தப்பிக் காசிக்கு வந்து சைதன்யரைச் சந்திக்கிறார். வழியில் மைத்துனர் கொடுத்த விலையுயர்ந்த கம்பளம் அவர் தோளில் இருக்கிறது. சைதன்யரின் பார்வை அக்கம்பளத்தின்மீது மீண்டும் மீண்டும் விழுகிறது. குறிப்பறிந்த சனாதனர் கங்கைக்கரைக்குச் செல்கிறார். அங்கே வங்கத்தைச் சேர்ந்த ஒருவன் தன் காந்தாவைத் துவைத்துக் காயப்போட்டிருக்கிறான். என் கம்பளத்தை எடுத்துக்கொண்டு உன் காந்தாவைக் கொடு என்கிறார். கேலி செய்கிறாரோ என்று அவன் திகைக்கிறான். பண்டமாற்று முடிகிறது, காந்தாவைப் போர்த்தி வந்த சனாதனரைக் கண்டு சைதன்யர் மகிழ்கிறார்.

பக்தி மரபு இக்கதையைத் துறவின் பாடமாகப் படிக்கிறது. கைவினை வரலாற்றைப் பயில்வோருக்கு இதில் வேறொரு செய்தியும் உண்டு. காசிக்கு வந்த ஒரு வங்கப் பயணியின் கையில் காந்தா இருந்தது. அவன் அதைத் துவைத்துப் பேணினான். துறவியின் கையில் அது தாழ்மையின் அடையாளமாக மாறுவதற்கு முன், யாரோ ஒரு பெண் அதைத் தைத்திருக்க வேண்டும். அப்பெண்ணைப் பற்றிக் காவியத்தில் ஒரு சொல்லும் இல்லை.

இல்லத்தின் காந்தா

அப்பெண் செய்ததைக் கூர்ந்து நோக்கினால், துணி செல்லும் திசை விநய நூலின் வரிசைக்கு நேர்மாறாக இருப்பதைக் காணலாம். இங்கே துணி கீழிறங்கவில்லை; மேலேறுகிறது.

உடுத்தி உடுத்தி மென்மையான வெள்ளைப் புடவைகளும் வேட்டிகளும் சேர்த்துவைக்கப்படும். நைந்த பகுதிகளை நீக்கி, எஞ்சியவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகத் தரையில் விரித்து, சுருக்கம் நீக்கி, ஓரங்களை மடித்துத் தைப்பார்கள். அடுக்குகள் நழுவாதபடி நெடிய தையல்கள் ஓடும். பிறகு பழைய புடவைக் கரைகளிலிருந்து சிவப்பு, நீலம், கறுப்பு நூல்களைப் பொறுமையாக உருவி எடுத்து, அந்த நூலாலேயே உருவங்கள் வரைவார்கள். துணி மட்டுமன்றி நூலும் பழையதே. விலைகொடுத்து வாங்கியது ஊசி ஒன்றுதான். தையலும் மிக எளியது. ஊசி துணிக்குள் மூழ்கியும் வெளிவந்தும் நேரே ஓடும் ஓட்டுத்தையல் அது. உருவங்களுக்கு இடைப்பட்ட வெற்றிடத்தையும் வெள்ளை நூலால் நெருக்கமாக ஓட்டுத்தையலிட்டு நிரப்பும்போது, துணி மெல்லச் சுருங்கி அலையலையாக எழும். காந்தாவின் தனித்தன்மை இந்த அலையில்தான் இருக்கிறது.

நடுவில் விரிந்த தாமரையும் நான்கு மூலைகளில் மரங்களும் அமைவது பெருவழக்கு. இடையில் யானை, மீன், பல்லக்கு, தேர் ஆகியவற்றோடு சீப்பு, கண்ணாடி, பாக்குவெட்டி முதலிய வீட்டுப் பொருள்களும் இடம்பெறும். தரையில் மாக்கோலமாக வரையும் அல்பனாவின் வடிவங்கள் பலவும் துணிக்கு வந்தன.

காந்தா என்றதும் போர்வையே நினைவுக்கு வருகிறது. ஆனால் சிறு பொருள்களின் பட்டியல் அதனினும் வளமானது. குளிர்காலத்துக்கு 'லேப்', விரிப்புக்கு 'சுஜனி', தலையணைக்கு 'ஓஆர்' என்பவை பெரியவை. நூல்களையும் விலைமதிப்புள்ளவற்றையும் பொதிந்து வைக்கும் சதுரத் துணி 'பேதன்'. முகம் பார்க்கும் கண்ணாடியையும் சீப்பையும் சுருட்டி வைக்கும் நீண்ட துணி 'ஆர்ஷிலதா'. ஆர்ஷி என்பது கண்ணாடி. கைக்குட்டை 'ருமால்', அதன் நடுவிலும் ஒரு தாமரை. பணப்பைக்குத் 'துர்ஜனி' என்று பெயர். சதுரமாகத் தைத்த சிறு காந்தாவின் மூன்று மூலைகளை மையத்துக்கு மடித்து ஒன்றோடொன்று தைத்தால் கடித உறை போன்ற பை உருவாகும். நான்காவது மூலை மூடியாகும். அதில் கட்டிய கயிற்றைப் பையைச் சுற்றி முடிந்துகொள்ளலாம். கத்தரிக்கோலுக்கு வேலையே இல்லாத வடிவமைப்பு இது. பழைய ஆடைகளிலிருந்து கைப்பை செய்யும் இன்றைய பயிற்சி வகுப்புகள் புதுமை என்று கற்பிப்பதை, வங்கக் கிராமத்துப் பெண்கள் தம் தாயரிடம் கற்றுக்கொண்டார்கள்.

இவை வறுமையால் மட்டும் பிறந்தவை என்று கொள்வதற்கில்லை. ஏழை வீடுகளில் தைத்ததைப் போலவே வசதியுள்ள நிலவுடைமைக் குடும்பங்களிலும் பெண்கள் காந்தா தைத்தார்கள். இந்து வீடுகளிலும் முஸ்லிம் வீடுகளிலும் தைத்தார்கள். பழந்துணியைத் தேர்ந்ததற்கு மென்மை ஒரு காரணம். மற்றொன்று நம்பிக்கை. பிறந்த குழந்தையைப் புதுத்துணியில் கிடத்தாமல், வீட்டு மூத்தோர் உடுத்திய பழந்துணியில் சுற்றும் வழக்கம் இந்தியாவின் பல பகுதிகளில் உண்டு. பாட்டியின் புடவைக் கிழிசலில் பச்சிளங்குழந்தையைப் பொதியும் தமிழ்நாட்டு வீடுகளுக்கும் இது புதிதன்று. உடுத்தியவரின் வாழ்வு துணியில் தங்கியிருக்கிறது, அது அடுத்தவருக்குக் காப்பாகும் என்பதே இதன் அடிப்படை. ஆகவே காந்தாவில் பழந்துணி வெறும் மூலப்பொருளாக இருந்ததில்லை. இது இன்னாருடைய புடவை, இன்னாருக்காகத் தைத்தது என்னும் இரண்டு உறவுகளுக்கு இடையில்தான் அந்த ஊசி ஓடியது.

தையலில் எழுதிய பெயர்

பெரும்பாலான காந்தாக்களில் தைத்தவர் பெயர் இல்லை. பெயருள்ளவை கிடைக்கும்போது அவை வரலாற்று ஆவணங்களாகின்றன. கொல்கத்தாவின் ஜோகா பகுதியில் உள்ள குருசதய் அருங்காட்சியகத்தில், மானதாசுந்தரி என்பவர் 19-ஆம் நூற்றாண்டில் தைத்த காந்தா பாதுகாக்கப்படுகிறது. தந்தைக்காகத் தன் கையால் செய்தது என்று அவர் ஊசியாலேயே எழுதியிருக்கிறார். அதில் தாமரையும் தெய்வங்களும் மட்டுமல்லாமல், காலனிய ஆட்சியின் படைவீரர்களும் அணிவகுக்கிறார்கள். வீட்டுக்குள் இருந்த பெண் வெளியுலகத்தை எவ்வளவு கூர்மையாகக் கவனித்திருந்தார் என்பதற்கு அது சான்று.

அந்த எழுத்துகளின் எடையை உணர, அக்காலத்தை நினைவுகூர வேண்டும். ராஸசுந்தரி தேவி, சமையலறையில் மறைந்து எழுத்துக் கற்று, வங்காளத்தின் முதல் தன்வரலாற்றை எழுதிய நூற்றாண்டு அது. படித்த பெண் விதவையாவாள் என்ற அச்சம் வீடுகளில் நிலவியது. அச்சூழலில் ஒரு பெண் தன் பெயரையும் தந்தையின்மீதான அன்பையும், துவைத்தாலும் அழியாத நூலால் எழுதிவைத்தார்.

இவ்விடத்தில் ஒரு வேறுபாட்டையும் குறிப்பிட வேண்டும். 16, 17-ஆம் நூற்றாண்டுகளில் போர்த்துக்கீசியருக்காக வங்கத்தில் செய்யப்பட்ட 'சாத்காவ் போர்வைகள்' ஐரோப்பிய அருங்காட்சியகங்களில் உள்ளன. பருத்தித் துணியில் மஞ்சள் நிறக் காட்டுப்பட்டு நூலால் வேட்டைக் காட்சிகளும் விவிலியக் காட்சிகளும் நிறைந்த நேர்த்தியான வேலைகள் அவை. அவற்றைக் காந்தாவின் மூதாதை என்று கூறுவோர் உண்டு. ஆனால் அவை புதுத்துணியில், வணிகத்துக்காக, பிறர் சொன்ன வடிவில் செய்யப்பட்டவை. வங்கத்தில் சந்தைக்கான தையலும் வீட்டுக்கான தையலும் நெடுங்காலம் தனித்தனி ஓடைகளாக இருந்திருக்கின்றன. இரண்டும் ஒரே பெயரில் கலந்தது அண்மை வரலாறு.

அருங்காட்சியகத்துக்குச் சென்ற கந்தை

1800-க்கு முற்பட்ட காந்தாக்கள் மிக அரிது. பழந்துணியில் செய்தது, அன்றாடம் புழங்கியது, ஈரமான தட்பவெப்பத்தில் கிடந்தது; நிலைக்க வழியில்லை. 19-ஆம் நூற்றாண்டின் காந்தாக்கள் இன்று பார்வைக்குக் கிடைப்பதற்குச் சிலரின் சேகரிப்பே காரணம். குருசதய் தத் (1882–1941) இந்திய ஆட்சிப்பணியில் மாவட்டங்கள்தோறும் பணிபுரிந்தபோது நாட்டார் கலைப்பொருள்களைத் திரட்டினார். மேற்குறித்த அருங்காட்சியகம் அச்சேகரிப்பிலிருந்து பிறந்தது. கல்கத்தாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்த கலை வரலாற்றாசிரியர் ஸ்டெல்லா கிராம்ரிஷ், இந்தியக் கீழைக்கலைக் கழகத்தின் ஆய்விதழில் 1939-இல் காந்தா பற்றி எழுதிய கட்டுரை இத்துறையின் தொடக்க ஆய்வுகளுள் ஒன்று. அவர் திரட்டியவை இன்று அமெரிக்காவின் பிலடெல்பியா கலை அருங்காட்சியகத்தில் உள்ளன.

இதே காலத்தில் கவிஞர் ஜசீமுத்தீன் 1929-இல் வெளியிட்ட 'நக்ஷி காந்தார் மாட்' என்னும் கதைப்பாடல் பெரும் புகழ் பெற்றது. ரூபாய், சாஜு என்னும் கிராமத்துக் காதலர்களின் கதை அது. பிரிந்துபோன கணவனுக்காகக் காத்திருக்கும் சாஜு, தங்கள் வாழ்வைக் காந்தாவில் தைக்கிறாள். தன் கல்லறைமீது அதை விரிக்கச் சொல்லி இறக்கிறாள். 'நக்ஷி காந்தா' என்னும் தொடர் பரவலான வழக்குக்கு வந்தது இப்பாடலுக்குப் பின்னரே. நக்ஷா என்பது அரபு, பாரசீக வழி வந்த சொல்; வரைபடம், பூவேலை என்று பொருள். கந்தையை முதன்மையாக்கிய பெயருக்கு முன்னால் இப்போது பூவேலை வந்து நின்றது.

கிராம்ரிஷின் பார்வையில் காந்தா ஆன்மிகப் பொருளுடையது. சிதறியதை மீண்டும் ஒன்றாக்கி முழுமை காண்பதன் உருவகமாக அவர் அதை விளக்கினார். புத்தரின் ஒட்டுப்போட்ட ஆடையையும், மரங்களில் கந்தை கட்டி வேண்டிக்கொள்ளும் வழக்கத்தையும் அதனோடு இணைத்தார். ஆழமான விளக்கம்தான். ஆயினும் அதன் ஒளியில், பகல் வேலைகள் முடிந்த பின் கிடைத்த சிறுபொழுதில் குனிந்து தைத்த பெண்ணின் உழைப்பு மங்கிவிடுகிறது. துறவு மரபும் கலை வரலாறும் கந்தையை உயர்த்திய அளவுக்குத் தையற்காரியை உயர்த்தவில்லை.

பொருளிலிருந்து தையலுக்கு

1922-இல் தொடங்கிய ஸ்ரீநிகேதனின் ஊரக மறுசீரமைப்புப் பணிகளிலும், சாந்திநிகேதனின் கலைச்சூழலிலும் காந்தாத் தையலுக்குப் புதுவாழ்வு கிடைத்தது. பிரிவினை வங்கத்தை இரண்டாக்கியது. காந்தாவுக்குப் பெயர்பெற்ற ஜெசோர், ஃபரீத்பூர், ராஜ்ஷாஹி ஆகிய பகுதிகள் எல்லைக்கு அப்பால் சென்றன. 1971 போருக்குப் பின், ஆதரவிழந்த பெண்களுக்கு வாழ்வாதாரமாக வங்கதேசத்தில் காந்தா முன்னெடுக்கப்பட்டது. மேற்கு வங்கத்தில் 1980-களிலிருந்து பட்டுப் புடவைகளிலும் துப்பட்டாக்களிலும் காந்தாத் தையல் பரவியது. பீர்பூம் மாவட்டத்துக் கிராமங்கள் அதன் மையங்களாயின.

பெயரின் பொருள் மாறிய இடம் இதுதான். புதிய தசர்ப் பட்டில், புதிய நூலால், வரைந்து ஒற்றிய கோட்டின்மேல் ஓடும் தையலுக்குக் 'காந்தாத் தையல்' என்று பெயர் வந்தது. 'காந்தாப் புடவை' என்னும் தொடரை ஒரு நூற்றாண்டுக்கு முந்தைய வங்கப் பெண் கேட்டிருந்தால் குழம்பியிருப்பார். புடவை கிழிந்தால்தான் காந்தா. காந்தா எவ்வாறு புடவையாகும்?

இம்மாற்றத்தைச் சீரழிவு என்று சொல்லிவிடுவது எளிது, அது நேர்மையாகாது. முன்பின் அறியாதவர் உடுத்திய துணியைத் தொடத் தயங்கும் மனப்பாங்கு இங்கு வலியது; தூய்மை, தீட்டு பற்றிய சாதிய எண்ணங்களும் அதில் கலந்துள்ளன. சந்தைக்கு ஒரே அளவும் ஒரே தரமும் தேவை; பழந்துணி அதற்கு இணங்காது. புதுத்துணிக்கு மாறியதால்தான் பல்லாயிரம் பெண்களின் கைக்கு, குறைந்த அளவிலேனும், சொந்த வருவாய் வந்தது. வீட்டுக்குள் அன்பின் பெயரால் ஊதியமின்றி நடந்த உழைப்பு முதன்முறையாகக் கூலி என்ற பெயரைப் பெற்றது.

ஆயினும் இழப்பும் நிகழ்ந்தது. வடிவத்தை வரைவது ஒருவர், தைப்பது மற்றொருவர், விற்பது மூன்றாமவர் என்று வேலை பிரிந்தது. தையற்காரியின் கையில் எஞ்சியது கோட்டின்மேல் ஊசி ஓட்டும் பணி. மானதாசுந்தரி எழுதியதுபோல் பெயர் எழுத அங்கு இடமில்லை. பெயருக்குரிய இடத்தில் விற்பனையாளரின் முத்திரை தைக்கப்படுகிறது. 2008-இல் மேற்கு வங்கத்தின் நக்ஷி காந்தாவுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. 2023-இல் பிரீதிகணா கோஸ்வாமிக்கும் 2024-இல் தக்தீரா பேகத்துக்கும் பத்மஸ்ரீ வழங்கப்பட்டது. மகிழத்தக்க அங்கீகாரங்கள் இவை. குறியீடு நிலத்துக்குக் கிடைத்தது, விருது இருவருக்குக் கிடைத்தது; எண்ணற்ற மற்றவர்கள் துண்டுக்கு இவ்வளவு என்ற கணக்கிலேயே இருக்கிறார்கள்.

திரும்பி வந்த பழந்துணி

அண்மைக் காலத்தில் கந்தை மீண்டும் சந்தைக்கு வந்திருக்கிறது. பழைய புடவையிலிருந்து செய்த தோள்பை, கழுத்துத் துணி, வளையல், மேற்சட்டை ஆகியவற்றை உலகச் சந்தை விரும்புகிறது. துணிக்கழிவு பற்றிய கவலை இதற்கு ஒரு காரணம். ஒட்டும் கிழிசலும் இன்று விலையைக் கூட்டுகின்றன.

இப்புடவைகள் எங்கிருந்து வருகின்றன? மானுடவியலாளர் லூசி நோரிஸ் 2010-இல் வெளியிட்ட நூலில் இந்தப் பாதையைப் பின்தொடர்ந்திருக்கிறார். வாக்ரி சமூகப் பெண்கள் வீடுவீடாகச் சென்று, புதுப் பாத்திரங்களைக் கொடுத்துப் பழைய துணிகளை வாங்குகிறார்கள். அவை தில்லியின் ரகுபீர் நகர்ச் சந்தையில் தரம் பிரிக்கப்படுகின்றன. நல்லவை மறுபடியும் உடையாகின்றன. பட்டும் சரிகையும் வெட்டப்பட்டு மெத்தை உறைகளாகவும் பைகளாகவும் ஏற்றுமதியாகின்றன. பழைய துணிக்கு வாளியும் குடமும் கொடுக்கும் தெரு வணிகர்களைத் தமிழ்நாட்டுத் தெருக்களும் அறியும்.

இந்தப் பாதையில் துணி பயன்படுகிறது, கழிவு குறைகிறது, இரண்டும் நல்லவையே. ஆனால் பழைய காந்தாவின் இரு முனைகளும் இங்கே அறுந்துவிட்டன. யாருடைய புடவை என்று தைப்பவருக்குத் தெரியாது. யாருக்காகத் தைக்கிறார் என்றும் தெரியாது. விளம்பரமோ அந்த அறியாமையையே கவர்ச்சியாக்குகிறது: ஒவ்வொரு பையும் ஒரு கதை சொல்லும் என்கிறது, கதை எதுவென்று சொல்வதில்லை.

இவ்வுறவு இன்னும் அறுந்துவிடாத இடங்களும் உண்டு. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும், ஆப்பிரிக்க வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் 'கவந்தி' என்னும் ஒட்டுப் போர்வையைத் தைக்கிறார்கள். ஒரு மூலையில் தொடங்கி, ஓரங்களைச் சுற்றிச் சுற்றி வந்து நடுவை அடைவது அவர்களின் முறை. முடிவில் நான்கு மூலைகளிலும் மடித்த துணித்துண்டுகளால் ஆன 'பூலா' என்னும் பூவை வைக்க வேண்டும். பூ இல்லாத போர்வை அம்மணமானது என்பது அவர்கள் வழக்கு. வீட்டாரின் உடைகளே அதில் சேர்வதால், எந்தத் துண்டு யாருடையது என்று அவர்களால் சுட்டிக்காட்ட முடிகிறது.

பீகாரின் முசாபர்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த புசுரா கிராமத்தின் சுஜனியும் இங்கே நினைக்கத்தக்கது. ஊசியைக் குறிக்கும் பாரசீகச் சொல்லிலிருந்து வந்த பெயர் இது. மக்கள் வழக்கோ அதை 'நற்பிறப்பு' என்று பிரித்துப் பொருள் கொள்கிறது. பிறந்த குழந்தைக்கான விரிப்பு என்பதால் மக்கள் தந்த சொற்பிறப்பு அது. வரலாற்றளவில் பிழையாயினும் பண்பாட்டளவில் பொருத்தமானது. 1980-களின் இறுதியில் அங்கு மீட்கப்பட்ட சுஜனியில், பெண்கள் தங்கள் வாழ்வையே தைத்தார்கள்: வரதட்சணை, குடிகாரக் கணவன், பள்ளிக்குப் போக விரும்பும் சிறுமி. துணி புதிதானாலும் சொல்பவளின் குரல் அதில் எஞ்சியது. பழந்துணியைக் காட்டிலும் காப்பாற்றப்பட வேண்டியது எது என்ற வினாவுக்கு புசுராவின் பெண்கள் ஒரு விடை தந்திருக்கிறார்கள்.

எஞ்சும் பணி

இக்கைவினையைப் பாணினிவரை நீட்டிக்கொண்டு போவதால் அதன் பெருமை கூடிவிடாது. உசீநர நாட்டு ஊர்ப்பெயரைக் கடன் வாங்கித் தொன்மை தேட வேண்டிய நிலையில் காந்தா இல்லை. அதன் உறுதியான வரலாறு 19-ஆம் நூற்றாண்டிலிருந்து துணியாகவே நம்முன் இருக்கிறது. அதற்கு முந்தையது, காசியின் படித்துறையில் காய்ந்த அந்த ஒற்றைக் காந்தாவைப் போல, இலக்கியங்களில் ஆங்காங்கே தென்படுகிறது. ஆய்வு மாணவர்கள் செய்ய வேண்டிய பணி வேறு திசையில் இருக்கிறது. பேதன், ஆர்ஷிலதா, துர்ஜனி ஆகிய பெயர்கள் வழக்கொழிந்து, எல்லாமே 'காந்தா' என்ற ஒரே சொல்லுக்குள் அடங்கி வருகின்றன. ஒரு பெயர் மறையும்போது அப்பொருளை மடித்த முறையும், அதைக் கொடுத்த சடங்கும், தைத்தவளின் சொற்களும் சேர்ந்தே மறைகின்றன. முதிய பெண்கள் பலர் இன்றும் இப்பெயர்களை அறிந்திருக்கிறார்கள். அவற்றைப் பதிவு செய்ய எஞ்சியிருக்கும் காலம் நெடிதன்று.

அருங்காட்சியகங்களின் பெயர்ச்சீட்டுகளில் காந்தாக்களுக்குக் கீழே பெரும்பாலும் ஊரும் காலமும் இருக்கும்; செய்தவர் பெயருக்குரிய இடம் வெறுமையாக இருக்கும். நூறாண்டுகளுக்கு முன் தைத்தவர்களின் பெயரை இனி மீட்க வழியில்லை. இன்று பழைய புடவையிலிருந்து பை தைக்கும் பெண் உயிரோடு இருக்கிறார். அவர் பெயரைக் கேட்டு எழுதுவதற்கு எந்தத் தடையும் இல்லை. பையின் உட்புறத்தில், விற்பனை முத்திரைக்கு அருகில், அவர் கையாலேயே அப்பெயரைத் தைத்துவைக்க இரண்டு விரல் அகலத் துணி போதும்.